பாட்டுகளுக்கு நடுவில் விட்ட இடம்

இந்த நகரத்தில் சிடிக்களைத் தூக்கிப் போடுவதற்கென்றே தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. வெர்ட்ஸ்டோஃப்ஹோஃப் என்று இங்கே சொல்கிற கழிவுப்பொருள் முற்றம் சனிக்கிழமை மதியம்வரை திறந்திருக்கும். பழைய மரத்துக்கு ஒரு தொட்டி, கண்ணாடிக்கு நிறவாரியாக மூன்று, பாட்டில் தக்கைகளுக்கு ஒரு சாக்கு, சிடிக்களுக்கு மூடி போட்ட சாம்பல் நிறப் பெட்டி. போன மாதம் நாற்பத்தாறு சிடிக்களைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். ஆரஞ்சு மேலங்கி அணிந்த ஊழியர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லெஸ் கெலொஷ்ட்?" என்றார். எல்லாம் அழித்தாயிற்றா என்று பொருள்.

"இல்லை, எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமித்துவிட்டேன்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் கேட்டது வேறு. சொந்த விஷயங்கள் ஏதாவது பதிந்திருந்தால் பிறர் எடுத்துப் பார்த்துவிடக்கூடும், கீறிவிட்டுத்தான் போட வேண்டும். இதை எனக்கு விளங்கவைக்கப் பேச்சு போதவில்லை என்று பட்டதும், சட்டைப்பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து மேலே இருந்த சிடியின் குறுக்கே கரகரவென்று ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அடுத்ததை எடுக்கக் கையை நீட்டியபோது நான் அவசரமாகச் சொன்னேன்: "நூர் மூஸிக்." வெறும் பாட்டுதான். இதே பதிலை ஏழு வருடங்களுக்கு முன் பரமக்குடியில் ஒரு கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் சிடி குப்பைக்குப் போகாது. டீக்கடை வாசலில் தோரணமாகும், ஆட்டோவின் பின்னால் ஒட்டப்படும், கதிர் பிடித்த கொல்லையில் குருவி விரட்டக் கயிற்றில் தொங்கும். திருவாடானைப் பக்கம் எங்கள் கிராமத்தில் என் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நாலு குறுக்கம் நிலம். அம்மாவின் முதல் வருடத் திதிக்குப் போயிருந்தபோது அவருடைய சோளக் கொல்லையில் நான்கு சிடிக்கள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒன்று திரும்பியபோது அதன் மேல் என் கையெழுத்து தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த பாட்டுச் சிடிக்கள். ஏன் இங்கே கட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேறு எதுவோ பேச்சில் வந்துவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

அந்த நான்கின் இன்னொரு பிரதி என்னிடம் இருந்தது. கடையில் பதிந்து தரும் சிடிக்களுக்கு ஆயுள் குறைவு. உள்ளே இருக்கும் சாயம் வெளுத்து, ஒருநாள் படிக்காமல் போய்விடும். அதனால் இந்தக் குளிர்காலத்தில் என்னிடமிருந்த எல்லாச் சிடிக்களையும் கணினிக்கு மாற்றுவது என்று முடிவுசெய்து வழக்கம்போல் ஒரு பட்டியல் போட்டேன். தட்டைத் துடைக்க வேண்டும். இழப்பில்லாத கோப்பாக, ஒரு துளியும் சுருக்காமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்தையும் இருமுறை படிக்கவைத்து இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைக்க வேண்டும், ஒன்று இங்கே, ஒன்று ஊரில். என் வேலையே மென்பொருள் சோதனை. எதுவும் தொலையக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பாதி வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யா தொலைபேசியில் கேட்டார்.

"ஆத்தா, ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். கேசட்டுல அம்மா பேசுனது ஒங்கிட்ட இருக்கும்ல?"

"என்னய்யா திடீர்னு?"

"மூஞ்சி போட்டோவுல இருக்கு. கொரலுதான் மறந்துக்கிட்டே வருது. நேத்துக் கொல்லையில நின்னு ரோசன பண்ணிப் பாக்குறேன், வரமாட்டேங்குது. ஒருக்கா கேட்டாப் போதும்."

"பாக்குறேன்யா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கேன்."

"ஏத்து ஏத்து. அவசரமில்ல."

அம்மா பேசியது என்னவென்று சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் அய்யா மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனார். எட்டு வருடம் இருந்தார். அவர் கடிதம் எழுதுவார், நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னிடம் சொல்லி எழுதச் சொல்லவும் பிடிக்காது. "ஒங்கய்யாட்ட சொல்றதெல்லாம் ஒனக்கெதுக்கு?" என்பாள். ஆகவே கேசட்டில் பேசி அனுப்புவாள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். தொண்டிப் பக்கமிருந்து யாராவது மஸ்கட்டுக்குக் கிளம்பினால் அவர் பெட்டியில் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில் நாலைந்து வீட்டுக் கேசட்டுகள் இருக்கும்.

ஆனால் மஸ்கட்டில் அவர் தங்கியிருந்த அறையில் எட்டுப் பேர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே டேப்ரெக்கார்டர். மனைவி பேசுவதை எட்டுப் பேர் நடுவில் எப்படிப் போட்டுக் கேட்பது? அம்மாதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்போதெல்லாம் பாட்டுப் பட்டியலைக் கொடுத்தால் கடையில் கேசட்டில் பதிந்து தருவார்கள். திருவாடானைக் கடைக்காரரிடம் போய், "ஒரு பாட்டுப் போடுங்க, அடுத்து ஒரு பாட்டு அளவுக்கு வெத்தா விடுங்க, பெறகு ஒரு பாட்டு" என்று சொல்லிப் பதிந்து வாங்கிவருவாள். அந்த வெற்றிடங்களில் அவள் பேசுவாள். கேட்கிறவர்களுக்குப் பாட்டுக் கேசட். அய்யாவுக்கு மட்டும் நடுநடுவே வீடு.

பொத்தானைத் தொட அம்மாவுக்குப் பயம். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பாட்டு அழிந்துவிடும். அது என் வேலை. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை செய்தேன். டேப்ரெக்கார்டரின் மேல் மூன்று இலக்கத்தில் ஓடும் எண்ணைப் பார்த்து, எந்த எண்ணில் பாட்டு முடிகிறது, எந்த எண்ணில் அடுத்தது தொடங்குகிறது என்று பழைய நோட்டில் எழுதிவைப்பேன். என் வாழ்க்கையின் முதல் பட்டியல்கள் அவைதான். எண் வந்ததும் அழுத்திவிட்டு அம்மாவைப் பார்ப்பேன். அவள் ஒருமுறை கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். முடியும் எண் நெருங்கும்போது கையைக் காட்டுவேன். எவ்வளவு முக்கியமான பேச்சாக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள்.

அய்யா திரும்பி வந்தபோது பெட்டியில் பதினோரு கேசட்டுகளையும் கொண்டுவந்தார். ரகசியமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை என்று சிரித்தார். "எட்டுப் பேரும் வட்டமா ஒக்காந்து கேப்பாய்ங்க. செவலை கன்னு போட்டுச்சான்னு எனக்கு முன்னாடி அவிங்க கேப்பாய்ங்க." அம்மா ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

2002-ல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு சிடி பிளேயர் வாங்கினேன். கேசட்டுகள் இழுபட ஆரம்பித்திருந்தன. பதினொன்றையும் சிடியாக மாற்றித் தருகிறேன் என்று பரமக்குடியில் ஒரு மியூசிக் சென்டருக்கு எடுத்துப்போனேன். கடையில் கூட்டம். கடைக்காரர் முதல் கேசட்டைப் போட்டு, தரம் பார்ப்பதற்காகப் பெரிய ஸ்பீக்கரில் திறந்துவிட்டார். பாட்டு முடிந்தது. ஒரு கனைப்பு. பிறகு கடை முழுக்க என் அம்மா.

"ஏங்க, இங்கன நாங்க எல்லாரும் சொகமா இருக்கோம். அங்கன நீங்க சொகமா? செவலைக்கு வயித்தால போயி மூணு நாளா எந்திரிக்கல. நானும் அதுகூடயே தொழுவத்துல படுத்துக் கெடக்கேன்..."

முன்னால் நின்ற ஒருவர், "என்னண்ணே, மாட்டுக்கு வயித்தால போனதுக்கெல்லாம் பாட்டுப் போட ஆரம்பிச்சுட்டாய்ங்களா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யாரும்மா பேசுறது? நம்ம அம்மாவா?"

"தெரியலண்ணே. பழைய கேசட்டு, யாரோ பதிஞ்சது. வெறும் பாட்டு மட்டும் போதும்."

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. புதுச் சுடிதார், தோளில் சென்னை அலுவலகத்தின் பை. காரணம் என்று சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். என்னென்ன வேண்டும் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போனபோது பதினோரு கேசட்டும் நான்கு சிடிக்களாக, இரண்டு பிரதிகளாகத் தயாராக இருந்தன. "கேசட்டையும் கட்டித் தரவா?" என்று கேட்டார். இங்கே ஜெர்மனியில் ஒரு தக்கையைப் போடுவதற்குக்கூட யோசிக்க வைக்கிறார்கள், நம் ஊரில் யாரும் கேட்பதில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டார். "வேணாம்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்றேன். "நல்ல டேப்பு. மேல வேற பதிஞ்சுக்கலாம்" என்று எடுத்து அடுக்கினார். வீட்டில் அம்மா ஒரு சிடியை விரலில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்புட்டும் இதுக்குள்ளயா?" என்று கேட்டாள். "அம்புட்டும்தாம்மா" என்றேன். மறுநாள் காலைப் பேருந்தில் கிளம்பினேன். அடுத்த இரண்டு வருடத்தில் ஜெர்மனி. அதற்கு அடுத்த இரண்டு வருடத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அய்யா கேட்ட அன்று பிற்பகலே அந்த நான்கு சிடிக்களையும் எடுத்தேன். இல்லை என்று தெரிந்தும் எடுத்தேன். முதலில் அட்டைகளை ஸ்கேன் செய்தேன். கடைக்காரர் நான் எழுதிக் கொடுத்த தாளையே மடித்து அட்டையாகச் செருகியிருந்தார். ஏழு வருடமும் பாட்டுப் பட்டியல் இருந்த பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இரு பக்கமும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற விதியால் இப்போது தாளைப் பிரித்தேன். பின்பக்கத்தில் என் திருத்தமான கையெழுத்து:

1. இரைச்சலைக் குறைக்கவும்.
2. எல்லாப் பாட்டும் ஒரே சத்த அளவில் இருக்கட்டும்.
3. நடுவில் வரும் பேச்சு வேண்டாம்.
4. இரண்டு பிரதிகள்.

மூன்றாவதன் கீழே கோடு போட்டிருந்தேன்.

கடைக்காரர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். பாட்டு, உடனே அடுத்த பாட்டு. மூன்றாவது சிடியில் ஏழாவது பாட்டு முடிகிற இடத்தில் மட்டும் டிரைவ் திணறியது. ஒரு கீறல். இருமுறை படித்ததும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மென்பொருள் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சரியாகப் படித்துவிட்டதாக எழுத்து வந்தது. பழுது ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, காதில் ஹெட்போனை மாட்டி அந்த இடத்தை மட்டும் கேட்டேன். அங்கே கடைக்காரரின் கை சற்றுப் பிசகியிருந்தது. பாட்டு ஓய்கிறது. 'டக்' என்று பொத்தான் சத்தம். ஒரு சிறுமியின் குரல்: "பேசும்மா, சுத்துது." ஒரு கனைப்பு. அடுத்த பாட்டு.

நான்கு வினாடி. பதினோரு கேசட்டிலிருந்து மிஞ்சியது, அம்மாவைப் பேசச் சொல்லும் என் குரல். அதைத்தான் நான் இப்போது ஒரு துளியும் இழக்காமல் சேமித்திருக்கிறேன்.

நான்கு ஞாயிறுகள் அய்யாவிடம் பொய் சொன்னேன். "ஏத்தியாச்சா?" என்று கேட்பார். "மெதுவாத்தான்யா படிக்கும், கீறல் இருக்கு" என்பேன். "சரி சரி, கம்ப்யூட்டர்னா சும்மாவா" என்பார். என் தொழிலின் சொற்களை அவர் நம்புவதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஐந்தாவது ஞாயிறு அவர் கேட்பதற்கு முன் நானே சொன்னேன்.

"அய்யா, அம்மா பேசுனது இல்ல."

"எந்தச் சிடியில இல்ல?"

"எதுலயும் இல்லய்யா. கடையில வெட்டச் சொன்னேன். நான்தான்."

"அது தெரியும்த்தா" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"நீ மெட்ராசுக்குப் போன அன்னைக்கே போட்டுக் கேட்டோம். நாலையும் கேட்டோம். வெறும் பாட்டா ஓடுது. ஒங்கம்மா சிரிச்சா. 'கடையில நாலு பேரு நின்னுருப்பாக, பிள்ளைக்கு வெக்கமாப் போயிருக்கும்'னா. 'தனியா எடுத்து வச்சிருப்பா, அவ எதையும் தூரப்போட மாட்டா, குண்டூசி விழுந்தாலும் எழுதி வைக்கிற பிள்ளை'ன்னா. நானும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"அம்மா எங்கிட்டக் கேக்கவே இல்லையேய்யா."

"கேட்டா நீ சங்கடப்படுவேன்னு கேக்கல." பிறகு, "கேசட்டு?" என்றார்.

"கடையிலயே குடுத்துட்டேன்யா."

தூரத்தில் யாரோ மயிலை விரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "அதான் அந்த வெறும் பாட்டக் கொல்லையில கட்டிவிட்டேன். குருவியாச்சும் பயப்படட்டும்னு."

அதில் கோபம் இருந்ததா, கேலியா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னேன். போடு என்றார். தொலைபேசியை ஸ்பீக்கரிடம் பிடித்து அந்த நான்கு வினாடியைப் போட்டேன்.

"இது நீதான?"

"ஆமாய்யா."

"அந்தக் கனைப்பு அவதான். அது கேட்டதும் ரூமுல அம்புட்டுப் பேரும் வாயப் பொத்திக்கிருவாய்ங்க. திரும்பப் போடு."

போட்டேன். மறுபடி போடச் சொன்னார். எத்தனை முறை என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"இதுக்குப் பெறகு என்ன சொன்னாத்தா? நீதான பக்கத்துல ஒக்காந்திருந்த."

எட்டு வருடப் பேச்சுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். யோசித்தேன். ஓடுகிற மூன்று இலக்கம் ஞாபகம் வந்தது. 112-ல் அழுத்த வேண்டும், 131-ல் கையைக் காட்ட வேண்டும். அம்மாவின் வாய் அசைவது ஞாபகம் வந்தது. சொல் எதுவும் வரவில்லை.

"ஞாபகம் இல்லய்யா. நான் நம்பரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ம்" என்றார். "மயிலு எறங்கிருச்சு. வைக்கிறேன்."

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் கழிவுப்பொருள் முற்றத்துக்குப் போனேன். வேலை முடிந்துவிட்டது, தட்டுகள் இனித் தேவையில்லை, பட்டியலில் கடைசி வரி அதுதான். திருப்புளிக்காரரிடம் வெறும் பாட்டு என்று சொன்ன பிறகு நாற்பத்திரண்டை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டேன். மிச்சம் நான்கையும் அதே பையில் திருப்பி வைத்துக்கொண்டேன். "அவை?" என்று அவர் கையைக் காட்டிக் கேட்டார். "ப்ரிவாட்" என்றேன். சொந்த விஷயம். தலையை ஆட்டிவிட்டு, பெருந்தன்மையோடு திருப்புளியை என்னிடம் நீட்டினார்.

மூன்றாவது சிடியைச் சமையலறைக்கு வெளியே பால்கனியில் நூலில் கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஃபிராவ் கெல்லர் அதைப் பார்த்துவிட்டு, "கேகன் டவ்பன்?" என்று கேட்டார். புறாவுக்கா என்று. ஆமாம் என்றேன். அவருக்கு மிகவும் திருப்தி. ஐந்து வருடத்தில் முதல்முறையாக நான் செய்த ஒன்று அவருக்கு உடனே புரிந்தது. ஒன்று போதாது, இன்னும் இரண்டு கட்டு என்றார்.

காலை பத்து மணிக்கு இங்கே கொஞ்சம் வெயில் விழுகிறது. அந்நேரம் ஊரில் பிற்பகல். அய்யா கொல்லையில் நிற்பார். அங்கே இதன் பிரதி ஒன்று, இங்கே ஒன்று, ஒரே பாட்டுகள், நடுவில் ஒரே இடத்தில் வெட்டியவை. காற்று வரும்போது இது சுற்ற ஆரம்பிக்கிறது, வெளிச்சம் சுவரில் ஓடுகிறது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது என் முன்னால் எந்த எண்ணும் ஓடவில்லை. கையைக் காட்டி நிறுத்த வேண்டிய இடமும் இல்லை. சுத்துதும்மா.